கூடையை விட்டு எழும்பாதவன்

சுவிஸுக்கு வந்த முதலாவது குளிர்காலத்திலேயே, எனக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, தண்ணீர்பட்ட பாடு என்று ஒரு பெயர் வந்துவிட்டது. எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலின் பின்பக்கத்தில் அப்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஆம், இல்லை, நன்றி, முடிந்தது என்ற நான்கு சொற்களுக்கு மேல் எனக்கு டொச் தெரியாது. வேலையாட்கள் பின்னேரம் ஐந்தரைக்குச் சாப்பிடும் அறையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. ஆறு மணியளவில் அதில் ஒரு அமெரிக்க நகைச்சுவைத் தொடர் போகும். அமெரிக்கர்களின் வாய் ஒரு விதமாக அசைய, டொச் வேறொரு விதமாக வெளியே வந்துகொண்டிருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நான் அவர்களுக்கு ஒரு விநாடி முன்னால் சிரிப்பேன். முதல் நாள் இதைக் கண்டவன் என்னோடு பாத்திரம் கழுவிய போர்த்துக்கல்காரன் ஃபெர்னாண்டோ. இரண்டாம் நாள் தலைமைச் சமையல்காரரே கண்டுவிட்டார். அவர் என் தோளில் கையைப் போட்டு, ஏதோ நீளமாகச் சொல்லிக் கேள்வியோடு முடித்தார். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று 'யா' என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் 'யா'. மறுநாள் காலையில்தான் விளங்கியது, பாத்திரத்தை விட்டுவிட்டு மரக்கறி வெட்டும் மேசைக்குப் போகவும், செவ்வாய்க்கிழமை லீவை விட்டுக்கொடுக்கவும் நான் சம்மதித்திருக்கிறேன் என்று.

எனக்குத் தெரிந்தது டொச் அல்ல, கதை. அந்த அமெரிக்கத் தொடர் ஒரு ஆங்கிலத் தொடரிலிருந்து செய்யப்பட்டது. இங்கிலாந்தில் நன்றாக ஓடியதை அமெரிக்கர்கள் வாங்கி, ஊரை மாற்றி, ஆட்களை மாற்றித் திரும்ப எடுத்திருந்தார்கள். மூலத்தை நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பார்த்திருந்தேன். அங்கே செல்லத்துரை முதலாளியின் தொலைக்காட்சிக் கடையில் எனக்கு வேலை. கொழும்பிலிருந்து ஒளிபரப்புத் தொடங்கிய புதிது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் பின்னேரங்களில் ஓடவிட்டால் றோட்டில் சனம் நிற்கும், நின்ற சனத்தில் ஒருவராவது உள்ளே வருவார் என்பது முதலாளியின் கணக்கு. வாரத்தில் ஒரு நாள் அந்த ஆங்கிலத் தொடர் வரும். முதலாளிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவர் என் விளக்கத்துக்குக் காத்திராமல் நடிகர்களின் முகத்தைப் பார்த்தே சிரிப்பார். சில பாகங்களை இரண்டாம் முறையும் போட்டார்கள். அப்படித்தான் எனக்கு அது காட்சி காட்சியாக மனப்பாடமானது.

கதை பெரிதல்ல. மழை விடாத ஒரு ஆங்கிலக் கடற்கரைப் பட்டினத்தில் ஒரு சலவைக்கடை. நடத்துகிறவள் ஒரு விதவை. கூடவே இருக்கிறான் அவளுடைய இறந்த கணவனின் தம்பி. சோம்பேறி, புளுகன், பயந்தாங்கொள்ளி. ஒவ்வொரு கிழமையும் ஒரு சிக்கலைக் கொண்டுவருவான், அவள் தீர்ப்பாள், அவன் திருந்தமாட்டான். மழையூர் ஆனபடியால் எங்கே போனாலும் கையில் ஒரு கிழிந்த குடை. அமெரிக்கர்கள் சலவைக்கடையை வெயில் கொளுத்தும் ஒரு நகரத்துக்குக் கொண்டுபோய், மூன்று மடங்கு பெரிதாக்கியிருந்தார்கள். விதவை இளமையாகிவிட்டாள். மைத்துனனுக்கு அகன்ற தோளும் வெள்ளைப் பல்லும். முடிவில் எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள். ஆனால் குடையை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். ஒரு துளி மழை இல்லாத ஊரில் அவன் குடையோடு திரிந்தான். ஃபெர்னாண்டோவுக்கு அந்தக் குடை என்றால் வயிறு நோகச் சிரிப்பு வரும். ஏன் குடை என்று அவனுக்கும் தெரியாது, அந்த அமெரிக்க நடிகனுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாள். பெயர் உர்சினா. அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவள், முப்பது வயதுக்குள். ஹோட்டலின் துணி வெளுக்கும் பகுதி அவளுடைய ராச்சியம். இங்கே பெட்டைப்பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிள்ளை பார்க்கும் வேலைக்கு ஒரு வருடம் இங்கிலாந்து போய் மொழி பழகிக்கொண்டு வருவார்கள். அப்படிப் போன இடத்தில் அவளும் மூலத்தைப் பார்த்திருந்தாள். நான் முந்திச் சிரிப்பதன் இரகசியத்தை உடனே பிடித்தவள் அவள்தான். ஆங்கிலத்தில் கேட்டாள், நானும் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று முதல் ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் இருவரும் நீதிபதிகள். "படுக்கை விரிப்பை இவள் மடிக்கிறதைப் பார். ஒருநாளும் சலவைக்கடையில் நின்றவள் இல்லை," என்பாள். நான் இன்னும் கடுமையான ஆள். மூலம் என்றால் மூலம், மற்றதெல்லாம் தண்ணீர் கலந்த பால் என்று தீர்ப்புச் சொல்வேன். அந்த ஹோட்டல் சாப்பாட்டுப் பட்டியலில் 'இந்தியக் கறி' என்று ஒன்று உண்டு. மஞ்சள் நிறச் சோசில் கோழி, மேலே வாழைப்பழமும் அன்னாசியும் பாலாடையும். அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொடர் போதும் என்று சொல்லி, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கறி அவளுடைய பிறந்தநாள் சாப்பாடாம்.

ஒருநாள் அவள் என் மூலத்துக்கே வேட்டு வைத்தாள். விதவைக்கும் பால்காரனுக்கும் நடுவில் ஒரு காதல் இருந்ததே, அது என்னவாயிற்று என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த கதையில் பால்காரன் பால் போத்தலை வைத்துவிட்டுப் போகிறவன், அவ்வளவுதான். நானும் பிடிவாதமாக அப்படியொன்றும் இல்லை என்றேன். அவள் காட்சி காட்சியாகச் சொன்னபோது விளங்கியது. முத்தம், சாராயம், படுக்கையறை என்று வந்த இடமெல்லாம் கொழும்பில் வெட்டியிருக்கிறார்கள். பெரிய மூலவர் என்று நான் கும்பிட்டது ஏற்கெனவே கத்தரிக்கோல் பட்டது. எனக்குச் சரியான கோபம். யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை.

பிறகு கூடைக் காட்சி வந்தது. மூலத்தில் அது இப்படி: கடைக்குள் கத்தியோடு ஒரு திருடன் வருகிறான். மைத்துனன் அழுக்குத்துணிக் கூடைக்குள் பாய்ந்து மூடியை இழுத்துக்கொள்கிறான். விதவை தனியாக நின்று, திருடனோடு கதைத்து, மேலும் கதைத்து, அவன் களைத்துப்போகும் வரை கதைத்து அனுப்பிவிடுகிறாள். கடைசியில் கூடையைத் திறந்து பார்க்கிறாள். அவன் உள்ளே குந்திக்கொண்டு அவளைப் பார்க்கிறான். அவள் ஒன்றும் சொல்லாமல் மூடியை மெதுவாக மூடிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போகிறாள். முதலாளி இதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அவளுக்குத் தெரியும், அவன் அவ்வளவுதான் எண்டு," என்றார். அமெரிக்கர்களின் கூடை வேறு. திருடன் கத்தியை ஓங்கும்போது மைத்துனன் கூடைக்குள்ளிருந்து சிங்கம் மாதிரி எழும்புகிறான், அவன்மேல் துணியைப் போட்டு மடக்குகிறான். பொலிஸ் வருகிறது. அவனும் ஒரு காலத்தில் போர்வீரன்தானாம், ஒரு கெட்ட ஞாபகத்தால் பயந்திருந்தானாம். பெட்டிக்குள்ளே கைதட்டல். எங்கள் சாப்பாட்டறையிலும் ஃபெர்னாண்டோ கைதட்டினான். நான் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். உர்சினா பின்னால் வந்தாள். கதையைக் கெடுத்துவிட்டார்களே என்ற கோபத்தில் போகிறேன் என்று நினைத்து, அமெரிக்கர்களுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் காரணம் அது அல்ல.

இப்போது சொல்கிறேன். சுன்னாகத்தில் ஒரு காலை, கடை திறந்த கையோடு இராணுவம், எங்கள் வாயில் ஆமி, வந்து றோட்டை இரண்டு பக்கமும் மறித்தது. கடையின் பின்னறையில் குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. நான் அதற்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொண்டேன். உள்ளே வேறு யாரும் இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார்கள். முதலாளி, 'நான் மட்டும்தான் ஐயா' என்று சிங்களத்திலேயே சொன்னார். அவரைக் கொண்டுபோனார்கள். வாகனச் சத்தம் ஓய்ந்து, பக்கத்துக் கடைக்காரர்களின் குரல் கேட்ட பிறகும் நான் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் இருவரையும் கொண்டுபோயிருப்பார்கள் என்று யாரும் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் நான் அப்படி யோசித்து உள்ளே இருந்தவன் அல்ல. பயத்தில் இருந்தவன். முதலாளி திரும்பி வரவில்லை. அவருடைய மனைவி முகாம் முகாமாகப் போனா. அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். எங்கேயும் அவருடைய பெயரை எழுதவில்லை. நான் அவவின் முகத்தைப் பார்க்காமலே கொழும்புக்கு வந்து, அங்கிருந்து விமானம் ஏறினேன்.

இங்கே வந்து இறங்கியதும் அகதி விசாரணைக்குக் 'கேஸ்' வேண்டும். சூக் நகரத்தில் ஒரு உணவகத்தில் வேலை செய்யும் மகேந்திரண்ணைதான் அதற்கு ஆள். யாருக்கும் ஒரு சதம் வாங்காமல் எழுதிக்கொடுப்பார். தங்கமான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, இதிலை உமக்கு ஒண்டுமே நடக்கேல்லையே. பிடிபட்டது முதலாளி. நீர் பெட்டிக்குள்ளை இருந்திருக்கிறீர். இதைக் கொண்டுபோனா அவங்கள் உமக்கு டாங்கே எண்டு நன்றி சொல்லி அனுப்புவாங்கள்," என்றார். பிறகு ஒரு கொப்பியை எடுத்தார். அதில் ஏற்கெனவே வென்ற கேஸ் ஒன்று இருந்தது. மாதத்தை மாற்றி அதை எனக்குப் பொருத்தினார். ஆமி என்னைப் பிடித்ததாம். முகாமில் அடித்ததாம். லொறியில் கொண்டுபோகும்போது குதித்து, ஆவணி மாதத்தில், பெரிய ஆற்றை நீந்திக் கடந்து, அக்கரைக் காட்டுக்குள் ஒளிந்தேனாம். நான் அதைச் சொல்லுக்குச் சொல் பாடமாக்கினேன். தென்னைமரத்தைப் பாடமாக்கிக்கொண்டு போன மாணவன், சோதனையில் பசுவைக் கேட்டதும், பசுவைத் தென்னையில் கட்டிவிட்டுத் தென்னையைப் பற்றி எழுதினானாம். அந்தச் சாதி நாங்கள். முதல் விசாரணையில் ஒரு பிசகு இல்லாமல் ஒப்புவித்தேன். மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், அவருக்கு எங்கள் ஊர் தெரியாது. யாழ்ப்பாணத்தில் நீந்துவதற்கு ஆறு இல்லை என்பது என் மண்டையில் தட்டியது, எங்கடினில் அந்த வெயிலூர்க் குடையைப் பார்த்த பிறகுதான்.

பெரும்பனி கரையத் தொடங்கிய நாட்களில் தலைநகர் பேர்ணிலிருந்து கடிதம் வந்தது. உர்சினா வாசித்துச் சொன்னாள். இரண்டாவது விசாரணை, மூன்று கிழமையில். முதல் வாக்குமூலத்தில் சொல்லப்பட்ட இடங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். இடங்கள் என்றதும் எனக்கு அந்த ஆறுதான் ஞாபகம் வந்தது. ஹோட்டல் வாசலில் இருந்த தொலைபேசியில் மகேந்திரண்ணையை எடுத்தேன்.

"அண்ணை, எங்கடை ஊரிலை ஆறு எங்கை?"

"ஏன், வழுக்கையாறு இருக்கெல்லோ."

"ஆவணியிலை அதுக்குள்ளை ஆடு மேயும், அண்ணை. காடும் இல்லை. பனங்கூடல்தான்."

"அவங்களுக்கு அது என்னெண்டு தெரியப்போகுது?"

"அவங்களிட்டை வரைபடம் இருக்கு."

"வெண்ட கேஸ் தம்பி, கை வைச்சாப் பிழைச்சிடும் எண்டுதான் ஆத்தை அப்பிடியே விட்டனான்," என்றார். குரல் இறங்கிவிட்டது. பிறகு ஒரு வழி சொன்னார். அது கிழக்கு மாகாணத்தில், பெரிய ஆறு கடலில் விழும் மூதூரிலிருந்து வந்த யோகன் என்ற பொடியனின் கேஸ். அவன் இப்போது சோலோதுர்ன் நகரத்தில் இருக்கிறான். விசாரணைக்கு முதல் நாளே அவனிடம் போய், ஆற்றின் அகலம், ஆழம், ஓட்டம் எல்லாவற்றையும் கேட்டுப் பாடமாக்க வேண்டும். ஆமி என்னை லொறியில் மூதூர்ப் பக்கம் கொண்டுபோனதாக ஒரு வரி சேர்த்தால் எல்லாம் சரிவரும். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். அப்போது எனக்கு அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. என்னை ஊருக்கு அனுப்பிவிட்டால் விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பயந்தவனுக்கு எந்தக் கூடையும் நல்ல கூடைதான்.

சிவப்பு மலைரயிலில் இறங்கி, இரண்டு ரயில் மாறி, சோலோதுர்னுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். யோகனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைத் துடைக்கிற வேலை. நல்ல பிள்ளை. சோறு சமைத்து வைத்திருந்தான். அவனுடைய கேஸ் கைமாறியது அவனுக்குத் தெரியாது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "என்ரை ஆறோ?" என்று கேட்டுவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டான். கனநேரம் கழுவினான். அந்த ஊரின் நடுவில் ஆரே ஆறு ஓடுகிறது. பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனவன், பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்து தண்ணீரைக் காட்டி, எங்கள் ஆறு இதைப்போல இரண்டு மடங்கு, முகத்துவாரத்தில் உப்புத்தண்ணீர் எதிர்த்து வரும், குறுக்கே நேராக நீந்த ஏலாது, சரித்துத்தான் நீந்தவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

"தம்பியும் வந்தவன்," என்றான்.

நான் எழுதுவதை நிறுத்தினேன். கொப்பியில் தம்பி என்று யாரும் இல்லை.

"என்னிலும் வடிவா நீந்துவான். நான்தான் அவனை முன்னாலை விட்டனான். நடுவிலை பார்த்தன், இருந்தவன். கரையிலை பார்த்தன், இல்லை."

"இதை நீங்கள் விசாரணையிலை சொல்லேல்லையோ?"

"இல்லை, அண்ணை. தனிய நீந்தினன் எண்டுதான் சொன்னனான். ஆருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்கு, அவன் இந்தியாவுக்குப் போயிட்டான் எண்டு எழுதியிருக்கிறன்."

மகேந்திரண்ணை ஒரு வென்ற கேஸை எடுத்து ஆள் மாற்றிப் பொருத்தினார். அவர் வெட்டுவதற்கு முன்னாலேயே இந்தப் பிள்ளை அதிலிருந்து தன் தம்பியை வெட்டி எடுத்திருந்தான். மூலம் தங்கம், நகல் பித்தளை என்று சாப்பாட்டறையில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த நான் உறையை மடித்துப் பைக்குள் வைத்தேன். யோகன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ரயிலடிக்கு வந்து வழியனுப்பும்போது, "தேவையெண்டாச் சொல்லுங்கோ, அண்ணை. உங்கடை உயிரும் உயிர்தானே. ஆனா ஆவணி எண்டு சொல்லாதைங்கோ. அது மார்கழி. தண்ணி நல்லாக் குளிர்," என்றான்.

பேர்ணில் மலிவான ஒரு அறையில் படுத்து எழும்பியபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். அந்த ஆற்றில் எனக்கு ஒரு துளி உரிமை இல்லை. ஒரு தாய் இன்னும் இந்தியாவிலிருந்து கடிதம் வருமென்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆறு அது. அதற்குள் நான் இறங்கி, நீந்திக் கரையேறிக் காட்ட மாட்டேன். அனுப்புவதென்றால் அனுப்பட்டும். எழுதிவைத்த குறிப்பைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனேன். உயிருக்குப் பயந்து சொன்ன பொய்க்காக எவரையும் நான் இகழவில்லை. என்னைப் போல வந்து, கொப்பியிலிருந்து பாடமாக்கி ஒப்புவித்த தம்பிமார் இதை வாசிப்பீர்கள். உங்களைத் தண்டிக்க இதை எழுதவில்லை. எனக்கு அன்று அது ஏலாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

விசாரித்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட, மெல்லிய குரலில் கதைக்கும் மனிதர். மேசையில் இலங்கை வரைபடம் விரித்துக் கிடந்தது. முதல் முறை வந்த அதே தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். எந்த ஆறு என்று காட்டச் சொல்லிப் பென்சிலை என் கையில் தந்தார்கள். நான் பென்சிலைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"ஆறு இல்லை," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். "போன தடவை ஆறு இருக்குன்னு சொல்லியிருக்கீங்களே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். நீங்க சொல்றதை நான் அப்படியே சொல்லித்தான் ஆகணும்."

"அப்பிடியே சொல்லுங்கோ. போனமுறை சொன்னது நான் இல்லை, வேறை ஒராளின்ரை கதை. என்ரை கதையை இப்ப சொல்லுறன்."

கடை, றோட்டு மறித்தது, அட்டைப்பெட்டி, முதலாளி சொன்ன பதில், வாகனச் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் தண்ணீர் தந்தார்கள். குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். ஒருமுறை பொய் சொன்ன உங்களை இப்போது ஏன் நம்பவேண்டும் என்று அந்த அதிகாரி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். "தெரியாது. ஆனா நடந்தது இதுதான்," என்றேன். பிறகு அவர் முதலாளியின் முழுப்பெயரைக் கேட்டார். கந்தையா செல்லத்துரை. எழுத்துக்கூட்டச் சொன்னார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, தட்டச்சு செய்த பெண் ஒவ்வொன்றாகத் தட்டினாள். வயது, கடை இருந்த றோட்டு, கொண்டுபோன நாள், வாகனத்தின் நிறம். ஊரில் ஒரு முகாமிலும் ஒரு பொலிஸ் நிலையத்திலும் எழுத மறுத்த பெயரை, ஒரு அன்னிய அரசாங்கம் என் கண்ணுக்கு முன்னால் எழுதிக்கொண்டிருந்தது. ஆற்றுக் கதையில் அந்தப் பெயருக்கு ஒரு மூலைகூட இருக்கவில்லை. கடைசியில் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். 'நான் பயத்தினால் ஒரு அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டேன்' என்று மொழிபெயர்ப்பாளர் சுத்தமாக வாசித்தார். எனக்கு நடந்ததுதான், ஆனால் யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன்.

மகேந்திரண்ணைக்கு என்னில் நல்ல கோபம். முட்டாள் வேலை என்று ஏசினார். ஆனால் அதற்குப் பிறகு வந்த பொடியன்களின் கதையை அவர் கொப்பியைத் திறக்காமல் கேட்டாராம் என்று கேள்விப்பட்டேன். முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. உர்சினாதான் வாசித்தாள். இரண்டு முறை வாசித்துவிட்டு, நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தனக்கே தெரியவில்லை என்றாள். நான் அகதி அல்ல. ஆனால் என்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். இரு என்றும் சொல்லாத, போ என்றும் சொல்லாத ஒரு அட்டை தந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டு, அதே மேசையில் இன்றும் மரக்கறி வெட்டுகிறேன்.

பேர்ணில் கதைத்ததைவிடக் கடினமான வேலை ஒன்று பாக்கியிருந்தது. முதலாளியின் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். அக்கா, அன்று நான் பின்னறையில் பெட்டிக்குள் இருந்தேன், அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் எழும்பவில்லை என்று எழுதினேன். அவருடைய பெயரை இந்த நாட்டில் ஒரு கோப்பில் எழுதியிருக்கிறார்கள் என்றும் எழுதினேன். பதில் வருமென்று நினைக்கவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு வந்தது. அவவின் எழுத்து கொஞ்சம் சரிந்த எழுத்து.

'நீ பெட்டிக்குள்ளை இருந்தது எனக்கு அண்டைக்கே தெரியும். நீ விட்டிட்டு ஓடின செருப்பு இரண்டும் பெட்டியடியிலை கிடந்தது. ஆமி திரும்ப வந்தாலும் எண்டு நான்தான் எடுத்து அடுப்பிலை போட்டனான். நீயும் ஒண்டும் சொல்லாமல் போயிட்டாய். அதுதான் எனக்குக் கவலை. அவரின்ரை பேர் இருக்கிற அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பு. ஒரு இடத்திலை எண்டாலும் எழுதியிருக்கு எண்டு நான் பார்க்க வேணும்.'

உர்சினா ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தாள். வாக்குமூலத்தின் பிரதி தபாலில் வந்தது. நாலாம் பக்கத்தில் அவருடைய பெயர் இருந்தது. அதே பக்கத்தில், நான் பயத்தினால் ஒளிந்துகொண்டேன் என்ற வரி. அடியில் என் பெயரும் என் கையெழுத்தும். கத்தரிக்கோலை எடுத்து, அவருடைய பெயர் வரும் துண்டை மட்டும் வெட்டி அனுப்பலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அவவுக்கு டொச் தெரியாது, மிச்சத்தை வாசிக்கப்போவதில்லை. ஆனாலும் வெட்டவில்லை. முழுப் பக்கத்தையும் மடித்து உறையில் போட்டு, வான்கடிதமாக அனுப்பினேன்.

அதைச் சாமியறையில் படங்களுக்குக் கீழே ஒட்டியிருப்பதாக அவ பிறகு எழுதியிருந்தா. விளக்கு வைக்கும்போது ஒவ்வொரு நாளும் பார்ப்பாவாம். எங்கடினில் நான் கையில் வைத்திருக்கும் அட்டையில், இந்த ஆள் இங்கே தற்காலிகம் என்று இருக்கிறது. சுன்னாகத்துச் சுவரில் என் பெயர் பசை போட்டு ஒட்டியிருக்கிறது, அவருடைய பெயரிலிருந்து ஆறு வரி கீழே.